பின்னேரம் ஐந்து மணியைப் பிள்ளைகளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓடப் போனவள், முதல் சுற்று முடிய முன்னரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிட்டாள். நோய் ஒன்றும் இல்லை. பரிசோதித்த வைத்தியர் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளை பின்னேரத்தில என்ன செய்யிறவ?"

பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. 1.30க்குப் பள்ளி விடும். 2.30க்கு ஒரு ரியூசன், 4.30க்கு இன்னொன்று, அப்புறம் வீடு, போன். போவதும் வருவதும் தகப்பனின் மோட்டார் சைக்கிளில். அந்த வயதில் நான் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனேன், வந்ததும் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன், பொழுதுபட்டால் ஒழுங்கையில் கிளித்தட்டு. உடற்பயிற்சி என்ற சொல்லே எங்களுக்குத் தேவைப்படவில்லை.

5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 வீதமானோர் அந்த அளவை எட்டுவதில்லை என்று 2019இல் வெளியான அதன் ஆய்வு சொன்னது. பெண்பிள்ளைகளில் அது 85 வீதம். எலும்பு உரம் ஏறும் வயது இது. இப்போது ஏறாததைப் பிறகு ஏற்றுவது கஷ்டம்.

பெண்பிள்ளைகள் நிலைமை இங்கே எப்படி என்று வன்னித் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரியபிள்ளையானதும் வலைப்பந்து நிற்கும், சைக்கிள் நிற்கும், கயிறடிப்பதுகூட நிற்கும். நானும் அப்படித்தான் நிறுத்தினேன், அதற்காக இப்போது மனம் வருந்துகிறேன். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்று வந்தார். எங்கள் மண்ணின் அம்மா அவர். அவரைக் கொண்டாடிய நாங்கள்தான் 15 வயதுப் பிள்ளையிடம் "இனி ஓடாதே" என்கிறோம்.

சரி, என்ன செய்தோம்? "போய் ஓடு" என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் நானே செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "குளக்கட்டு வரை வாறியா?" என்று கேட்டேன். வந்தாள். முதல் கிழமை ஒரு கரண்ட் போஸ்ட்டிலிருந்து அடுத்ததுக்கு ஓட்டம், அடுத்த இரண்டுக்கு நடை. மூன்றாம் கிழமை இரண்டு போஸ்ட் ஓட்டம், ஒன்று நடை. பக்கத்து வளவுப் பிள்ளைகள் இருவர் சேர்ந்தார்கள், பிறகு இன்னும் இருவர். "பெரியபிள்ளையளை ரோட்டில ஓடவிடுறியளோ?" என்று கேட்ட அயலவரின் மகளும் அந்த இருவரில் ஒருத்தி. இப்போது கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிற்காமல் ஓடுகிறார்கள். இரவு படுத்ததும் நித்திரை வருகிறது என்கிறாள் மகள்.

ஆசிரியர்மாரிடம் ஒன்று கேட்கிறேன். பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தண்டனையென்று பழகியதைப் பிள்ளை எப்படி ஆசையோடு செய்யும்?

எல்லா ஊரிலும் நடக்கக்கூடிய குளக்கட்டு இல்லை. யானை வரும் பாதைகள் உண்டு, விளக்கில்லாத ஒழுங்கைகள் உண்டு. அங்கெல்லாம் பள்ளி மைதானம்தான் பாதுகாப்பான இடம். ஆனால் எங்கள் பக்கத்து மைதானக் கேற்றுக்கு இரண்டு மணிக்கே பூட்டு விழுகிறது. பெற்றோர் முறை வைத்துக் காவல் நிற்கிறோம், திறந்துவிடுங்கள். ரியூசன் நடத்துபவர்களே, ஐந்து முதல் ஆறு வரை வகுப்பு வைக்காதீர்கள். ஆறரைக்கு வையுங்கள், நாங்களே கூட்டிவந்து கூட்டிப்போகிறோம். சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்பது எனக்கும் தெரியும், என் பிள்ளையும்தான் எழுதப் போகிறாள். அதற்காக நான் அந்த ஒரு மணித்தியாலத்தை நிறுத்தப் போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விசுவமடு.