16 செ.மீ. உருளையும் 32 செ.மீ. உருளையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் உங்கள் பிரிவிலும் குழந்தைகளின் சிடி ஸ்கேன் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். எண்களை ஏற்றுவதற்கு முன், பினாங்கில் நாங்கள் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இரண்டு ஸ்கேனர்கள் உண்டல்லவா? ஐந்து வயதுப் பிள்ளைகளின் வயிற்று ஸ்கேன்களை ஒப்பிட்டபோது, புதிய கருவியின் சிடிடிஐ எண் (கருவி காட்டும் கதிர்வீச்சு அளவு) பழையதில் பாதிதான் இருந்தது. அளவு குறைந்துவிட்டதென்று மேலிடத்துக்கும் எழுதிவிட்டோம். மறுவாரம்தான் அறிக்கையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன்: பழைய கருவி, உடலுக்குப் பதிலாக வைத்து அளக்கும் அக்ரிலிக் உருளைகளில் 16 செ.மீ. விட்டமுள்ளதை வைத்தும், புதியது பெரியவர் உடலுக்கான 32 செ.மீ. உருளையை வைத்தும் கணக்கிட்டிருந்தன. ஒரே கதிர்வீச்சுக்குப் பெரிய உருளையில் எண் ஏறக்குறைய பாதியாகத்தான் வரும். பிள்ளைகள் வாங்கிய அளவு குறையவே இல்லை, செல்வம். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதனால் இப்போது பட்டியலில் உருளையின் விட்டத்துக்கென ஒரு தனிப் பத்தி வைத்து, முன்னோட்டப் படத்தில் உடலின் அகலத்தையும் அளந்து எழுதி, 2011 இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் வெளியிட்ட உடல் அளவுக்கேற்ற பெருக்கு எண்களால் சிடிடிஐ எண்ணைத் திருத்திக்கொள்கிறோம். ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒருவன் ஒல்லி, ஒருவன் பருமன் என்பதால், வயிறு, மார்பு ஸ்கேன்களை எடையை வைத்தே பிரியுங்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் (ஐசிஆர்பி) 2017 இல் சொன்ன 5, 15, 30, 50 கிலோ எல்லைகள் போதும். தலைக்கு மட்டும் வயதே சரி.

சென்ற வாரம் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு தாய், மகனின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி, "அண்ணே, புற்றுநோய் வந்திடுமா?" என்று கேட்டார். 2023 இல் வெளியான, ஏறத்தாழ பத்து லட்சம் பேரை உள்ளடக்கிய ஐரோப்பிய ஆய்வை மனத்தில் வைத்துப் பதில் சொன்னேன்: எலும்பு மஜ்ஜைக்குச் சுமார் 8 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) கிடைக்கும் ஸ்கேனை 10,000 பிள்ளைகளுக்கு எடுத்தால், அடுத்த 12 ஆண்டுகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அதனால் இரத்தப் புற்றுநோய் வரலாம், அவசியமான ஸ்கேனைத் தவிர்க்கும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆனால் அந்த ஒருவருக்காகவே நாம் எண்ணைச் சரியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பட்டியலை அனுப்பும்போது உருளை விட்டத்தை மறவாமல் சேர்த்து அனுப்பு. அது இல்லாத வரிகளை நான் ஒப்பீட்டில் சேர்க்க மாட்டேன்.

அன்புடன்,
முருகையன்