தீர்ப்பு இருக்கட்டும், பெயரை எடுங்கள்

உயர் நீதிமன்றப் பதிவாளர்களுக்கும், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கும், தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

விபத்து வழக்கின் தீர்ப்பில் என்னென்ன எழுதப்படும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண்ணோடு முகவரி, மாதச் சம்பளம், அதன் பிறகு உடம்பு. எந்த எலும்பு எத்தனை இடத்தில் முறிந்தது, எது அறுத்து எடுக்கப்பட்டது, எது இனி வேலை செய்யாது என்று மருத்துவர் கூண்டில் ஏறிச் சொன்ன அத்தனையும். அதையெல்லாம் எழுதாமல் தொகையைக் கணக்கிட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். இணையத்தில் ஏற்றும் பிரதியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

எனக்கு விபத்து நடந்தபோது வயது இருபத்து மூன்று. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தேன், லாரி இடித்தது. இடுப்பெலும்பு முறிந்ததில் சிறுநீர்ப்பையும் கெட்டது. தீர்ப்பாயம் கொடுத்த தொகை அதிகம் என்று காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது, அது தள்ளுபடியானது. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பின் பதினான்காம் பத்தியில், என் தங்கையிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, தெளிவான ஆங்கிலத்தில், என் முழுப்பெயரோடு இருக்கிறது. நீதிபதி இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தி இருந்ததால்தான் தொகை குறையாமல் என் கைக்கு வந்தது. அவரிடம் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன வருடம் புதிய அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் மேலாளர் கூப்பிட்டு, "உங்கள் இருக்கையை மாற்றச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்றார். போய்ப் பார்த்தேன். கழிவறைக் கதவுக்கு அடுத்த மேசை.

நான் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கவில்லை. என் பெயரை யாரோ தேடிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று இரவு நானும் தேடிப் பார்த்தேன். மூன்றாவதாக வந்து நின்றது அந்தத் தீர்ப்பு. மேலாளர் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அன்பாகச் செய்தார். பழைய இடத்துக்கே போகிறேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்; சொன்னால் பதினான்காம் பத்தியை நானே எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டியதாகிவிடும். ஆகவே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கதவைத் திறந்து வெளியே வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மிகவும் மரியாதையான சிரிப்பு. எத்தனை முறை எழுந்து போகிறேன் என்று எண்ணிவிடுவார்களோ என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். அதற்காக என் மருத்துவர் திட்டுகிறார். இதை எழுதும் இன்றும் எனக்கு அதே மேசைதான்.

இழப்பீட்டுத் தலைப்புகளில் 'திருமண வாய்ப்பு இழப்பு' என்று ஒன்று உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். காயமடைந்தவர்களுக்கு எந்தெந்த வகையில் இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்னபோது அதையும் சேர்த்தே சொன்னது. எனக்கும் அதன் கீழ் ஒரு தொகை கிடைத்தது. விபத்து அந்த வாய்ப்பில் கொஞ்சத்தைத்தான் கெடுத்தது. மிச்சத்தை இணையதளம் பார்த்துக்கொண்டது. ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்பே பெயரைத் தேடிப் பார்க்கும் காலம் இது. தக்க நேரத்தில், தக்க ஆளிடம், என் வாயால் நானே சொல்லியிருக்க வேண்டிய செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டாவது இழப்புக்கு எங்கே மனுக் கொடுப்பது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் லாரிக்கு வழி இருக்கிறது, இணையதளத்துக்கு இல்லை.

பதிவகத்துக்கும் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் நல்லவர், உட்காரச் சொன்னார். "பெயரை எடுக்க வேண்டுமென்றால் மனுத் தாக்கல் செய்யுங்கள்" என்றார். அந்த மனுவிலும் என் பெயர் இருக்கும். ஏன் எடுக்க வேண்டும் என்ற காரணம் உத்தரவில் இருக்கும். அந்த உத்தரவும் இணையத்தில் ஏறும். பிறகு அதிலிருந்து பெயரை எடுக்க இன்னொரு மனு. தீர்ப்புகளைத் தொகுத்துப் போடும் தனியார் தளத்துக்கு எழுதினால், நீதிமன்ற உத்தரவு கொண்டு வாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வருகிறது.

இதெல்லாம் செய்ய முடியாத காரியமா என்றால், அப்படித் தெரியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரை அச்சிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு இப்போது 72ஆம் பிரிவாகப் புதிய சட்டத்தில் இருக்கிறது. எச்ஐவி தொற்று உள்ளவரின் அடையாளத்தை மறைத்து வழக்கை நடத்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. வழக்காடுகிறவர்களின் சாதியையும் மதத்தையும் வழக்குத் தலைப்பில் எழுதக் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே உத்தரவில் நிறுத்தியது. எழுதத் தெரிந்த கைக்கு எழுதாமல் விடவும் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இடுப்பெலும்பு முறிந்தவளுக்கு மட்டும் எந்தப் பிரிவும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நீதிப் பணிக்காகத் தரவைக் கையாளும் நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. என் தொலைபேசி எண்ணை ஒரு கடைக்காரர் எப்படிக் காக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. என் சிறுநீர்ப்பைக்குத்தான் காவல் இல்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

திறந்த நீதிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் சாட்சி சொன்ன நாளில் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தங்கள் வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. படி இறங்குவதற்குள் மறந்திருப்பார்கள். குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் நான் அறிவேன். யார் மீது என்ன குற்றச்சாட்டு இருந்தது என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். என் மீது என்ன குற்றச்சாட்டு? லாரியின் முன்னால் இருந்தேன் என்பதா?

பின்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரும் அவருக்கிருந்த எச்ஐவி தொற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் வழியே வெளியாயின. அது அந்தரங்க உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் சொன்னது. அந்தத் தீர்ப்பில் அவர் பெயர் 'இசட்'. ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டே உலகமெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள், வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். என் வழக்கில் முன்னுதாரணமாக எதுவும் இருந்தால், அது ஊனத்தின் சதவீதத்திலும் கணக்கிட்ட முறையிலும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கட்டும், லாரியின் பதிவு எண் இருக்கட்டும். என் பெயரை எடுத்துவிடுங்கள்.

மருத்துவச் சாட்சியம் உள்ள எல்லா இழப்பீட்டு வழக்குகளிலும், இணையப் பிரதியில் பெயருக்குப் பதில் முதலெழுத்தையும் வழக்கு எண்ணையும் மட்டும் போடுமாறு தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். முகவரிக்கு அங்கே வேலையே இல்லை. மூலத் தீர்ப்பு கோப்பில் முழுதாக இருக்கட்டும். தேவைப்படுகிறவர்கள் விண்ணப்பித்து நகல் வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஏறியவற்றுக்கு வழக்கறிஞரும் மனுவும் இல்லாமல், ஒரு கடிதம் கொடுத்தால் திருத்தித் தாருங்கள். திருத்திய பிரதியைத்தான் மற்றவர்களும் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து.

என் வழக்கு எண்ணைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் அனுப்ப முகவரி வேண்டுமென்றால் தீர்ப்பின் முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கதவு எண்ணோடு இருக்கிறது.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
முதல் எதிர்மனுதாரர்