அலை ஏன் எழுகிறது என்று கேட்க விடுங்கள்: கொங்கு நாட்டுப் பொறியியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகளில் மின்னியல், மின்னணுவியல், பயோமெடிக்கல் துறைகளை நடத்திவரும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஒரு மருத்துவமனையில், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி அறையில் 26 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். உங்கள் மாணவர்கள் வருஷா வருஷம் புராஜெக்ட் என்று சொல்லி என் அறைக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அதற்கு முன் அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அமுச்சி தன் பேரனைக் கூட்டி வந்தார். பையனுக்கு எட்டு வயசு. வகுப்பில் அடிக்கடி வெறித்துப் பார்க்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனமே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருந்தான். தலை நிறைய தேங்காய் எண்ணெய். கழுவித் துவட்டிய பிறகு, புருவங்களுக்கு நடுவே மூக்குத் தண்டு தொடங்கும் இடத்திலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளந்து, பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பென்சிலால் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் பேஸ்ட் தடவி ஒயரை ஒட்டினேன். கண்ணை மூடச் சொன்னதும் பின்மண்டையில் அழகாக அலை வந்தது. குழந்தைகளுக்குரிய வேகத்தில், ஒழுங்காக. அப்புறம் மூன்று நிமிஷம் வேகமாக ஊதச் சொல்லிக் காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்தேன்.

இரண்டாவது நிமிஷத்தில் ஊதுவது நின்றது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து, ஒரு கூர்முனை, ஒரு அகல அலை, மறுபடி ஒரு கூர்முனை என்று நொடிக்கு மூன்றாக ஓடின. பத்து நொடி இருக்கும். பிறகு அத்தனையும் ஒரே வீச்சில் அடங்கியது. பையன் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஊத ஆரம்பித்தான். "ஏனுங்க அம்மிணி, பையன் நல்லாத்தானே இருக்கறான்?" என்று அமுச்சி கேட்டார். வந்து போனது ஒரு வகை வலிப்பு. அவர் கண்ணுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

அந்த நொடிக்கு மூன்று என்ற கணக்கை 1935-லேயே அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகிய மூவரும் எழுதிவிட்டார்கள். மனித மூளையின் அலையை ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1924-ல், அதை வெளியிட்டது 1929-ல். ஆக, பார்ப்பதற்குக் கருவி வந்த கொஞ்ச காலத்திலேயே இதைக் கண்டுவிட்டார்கள். ஆனால் அது ஏன் மூன்று? ஏன் ஏழு இல்லை? யார் தொடங்கி வைத்தது, பத்து நொடியில் யார் நிறுத்தியது? அந்தப் பையன் போன அன்று சாயங்காலம் பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இந்தக் கேள்வியை உங்கள் மாணவர்களில் ஒருவராவது என்னிடம் கேட்பார் என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன்.

வந்தவர்கள் கேட்டது வேறு. "மேடம், எங்க அக்யூரசி 99 வந்துருச்சு. ஹாஸ்பிடல்ல பார்த்தோம்னு ஒரு கையெழுத்து மட்டும் வேணும்." பதிவில் வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு கணினி நிரலைப் பிரிக்கச் சொல்லி, நூற்றுக்கு எத்தனை சரி என்று எண்ணுவதுதான் அவர்கள் புராஜெக்ட். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. வழக்கமாக எடுத்து வருவது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 2001-ல் வெளியிட்ட தரவு. ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 23.6 நொடி நீளமுள்ள 100 துண்டுகள். முதல் தொகுதிக்கு 'ஏ' என்று பெயர், கடைசித் தொகுதிக்கு 'ஈ'. 'ஏ'யில் இருப்பது வலிப்பில்லாதது, 'ஈ'யில் இருப்பது வலிப்பு. இரண்டையும் ஒரு நிரலுக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வந்துவிடும்.

வராமல் எப்படி இருக்கும்? 'ஏ' தொகுதி நலமான ஆட்களின் தலைத்தோலின் மேல் எடுத்தது. 'ஈ' தொகுதி நோயாளிகளின் மண்டைக்குள்ளே மின்முனை வைத்து எடுத்தது. மண்டை ஓட்டுக்கு வெளியே கேட்பதும் உள்ளே கேட்பதும் ஒன்றா? நிரல் வலிப்பைக் கண்டுபிடித்ததா, மின்முனை இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்தத் தரவை வெளியிட்டவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இது போதாதென்று, ஒரே ஆளின் துண்டுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் கலந்து போட்டுவிடுகிறார்கள். அப்போது நிரல் ஆளை அடையாளம் கண்டாலே போதும், நோயை அறிய வேண்டியதில்லை. இதை வைவாவில் ஒரே கேள்வியில் பிடித்துவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பதிவை எட்டு முதல் பதின்மூன்று ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அலைகளை மட்டும் விடுகிற வடிகட்டிக்குள் விட்டு, வெளியே வருவதை "ஆல்ஃபா அலை" என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். கணினியில் வெறும் சமவாய்ப்பு எண்களை உண்டாக்கி அதே வடிகட்டிக்குள் விட்டுப் பாருங்கள், அங்கேயும் அழகான அலை வரும். வடிகட்டி தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். எந்த வேகத்தில் எவ்வளவு வலு என்று காட்டும் முழு நிறமாலையைப் போட்டு, அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு மேடு எழுகிறதா என்று பார்த்த பிறகுதான் அலை என்று பேச வேண்டும். 50 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு தெரிந்தால் அது நம் கரண்டுதான். மூளையின் வேகமான காமா அலையைக் கண்டுவிட்டோம் என்று குதிக்கக் கூடாது.

சரி, அலை என்றால்தான் என்ன? சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்கு வெளியே நின்றிருப்பீர்கள். உள்ளே ஒவ்வொரு தறியும் தன் போக்கில் அடிக்கும்போது வெளியே ஒரே இரைச்சலாகக் கேட்கும். அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் அடித்தால்? சுவரே அதிரும். தலைத்தோலில் ஒட்டிய மின்முனை கூடத்துக்கு வெளியே நிற்கிற ஆளைப் போன்றது. பத்தாயிரம் செல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இயங்கினால், கூட்டி வருவது ஏறத்தாழ நூறு செல்களின் அளவுதான். அவையே ஒத்து இயங்கினால் பத்தாயிரமும் அப்படியே கூடும். பதிவில் நாம் பார்க்கும் உயரம் பெரும்பாலும் அந்த ஒத்திசைவின் உயரம். அந்தப் பையனின் திரையில் பார்த்தது, கூடத்துத் தறிகள் எல்லாம் திடீரென்று ஒரே அடியில் விழுந்ததுதான்.

இந்த ஒத்திசைவுக் கணக்கு உங்களுக்குப் புதிதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். உங்கள் மெஷின்ஸ் லேபில் ஆல்டர்னேட்டர் என்ற மின் ஜெனரேட்டரை மின் வலையமைப்போடு சேர்க்கும் சோதனை இருக்கிறதே, டார்க் லேம்ப் முறை? மூன்று விளக்குகளும் மெதுவாக எரிந்து அணைந்து, முழுக்க இருண்ட நேரம் பார்த்து மாணவர் சுவிட்சைப் போடுவார். இரண்டு சுழற்சிகள் எப்படி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கிறார். ஜெனரேட்டரின் சுழற்சி எப்படி ஆடி அடங்குகிறது என்று கணக்கிட நீங்கள் நடத்தும் ஸ்விங் சமன்பாடும், ஜப்பானிய இயற்பியலாளர் யோஷிகி குராமோட்டோ 1975-ல் எழுதிய ஒத்திசைவுச் சமன்பாடும் நெருங்கிய பங்காளிகள். அந்தக் குராமோட்டோ சமன்பாட்டைத்தான் இன்று மூளைப் பகுதிகள் எப்படிச் சேர்ந்து துடிக்கின்றன என்று பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த நாளிலிருந்து மோட்டாரும் பம்பும் செய்து பிழைத்த ஊர் நம்முடையது. சுழற்சியும் அதிர்வும் நம் பிள்ளைகளுக்குக் கைவந்த பாடம்.

போன பொங்கல் விடுமுறையில் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மின்னியல் மூன்றாம் ஆண்டு. இருவரும் உட்கார்ந்து, ஹியூ வில்சனும் ஜாக் கவனும் 1972-ல் எழுதிய, மூளைச் செல்களின் கணித மாதிரியைப் பைத்தானில் எழுதினோம். அதில் இரண்டே கூட்டம். ஒன்று தூண்டும் செல்கள், இன்னொன்று அடக்கும் செல்கள். தூண்டுகிறவை தம்மையும் தூண்டும், அடக்குகிறவற்றையும் எழுப்பும். எழுந்தவை திரும்பி வந்து தூண்டுகிறவற்றை அமர்த்தும். இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள், ஐம்பது வரிக்குள் நிரல்.

வெளியிலிருந்து வரும் தூண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். கோடு சமமாகவே போனது. இன்னும் கொஞ்சம், அப்போதும் சமம். ஓர் எல்லையைத் தாண்டியதும் கோடு தானாக அலையத் தொடங்கியது. நாங்கள் எந்த சைன் அலையையும் உள்ளே கொடுக்கவில்லை. மேலும் கூட்டிக்கொண்டே போனபோது அலை மறுபடி அடங்கி, கோடு உயரத்தில் போய் நின்றுவிட்டது. "அத்தை, யாரும் தாளம் போடலியே, இது எங்கிருந்துங்க அத்தை வருது?" என்றாள். அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை அவள் எழுந்திருக்கவே இல்லை. அடக்கும் செல்களைக் கொஞ்சம் மந்தமாக்கினால் அலை மெதுவாகிறதா, இணைப்பைக் குறைத்தால் என்ன ஆகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செமஸ்டரில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

அந்தப் பையனுக்கு வந்தது போன்ற வலிப்பில், மூளையின் நடுவே இருக்கும் தலாமஸும் அதன் மேலடுக்கான மூளைப் புறணியும் சேர்ந்த வளையம் முக்கியமான இடம். தலாமஸ் செல்களில் கால்சியத்தை உள்ளே விடுகிற டி-வகைக் கால்சியம் வாயில்கள் இருக்கின்றன. செல்லைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்திருந்து விட்டால்தான் அவை திறக்கத் தயாராகும். விட்டதும் செல் துள்ளிச் சுடும், அது அடக்கும் செல்களை எழுப்பும், அவை மறுபடி அமுக்கும். அமுக்கிப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் ஆகும் நேரம் அலையின் வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. இந்த வலிப்புக்குக் கொடுக்கும் எத்தோசக்சிமைடு மருந்து அந்த வாயில்களின் மேல்தான் வேலை செய்கிறது. வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும் கார்பமசெபின், இந்த வகையை அதிகப்படுத்திவிடக் கூடும். வளையத்தின் எந்த இடத்தில் கை வைக்கிறோம் என்பது ஒரு குழந்தைக்கு அவ்வளவு முக்கியம். 99 சதவீதம் என்ற எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு மாதிரி சொல்ல முயலும்.

மாதிரி எழுதிவிட்டால் மூளையைப் புரிந்துகொண்டோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே அலையைப் பத்து விதமான சமன்பாடுகளிலிருந்து வரவழைக்கலாம். அதனால், இது சரியென்றால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று மாதிரி முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அதைப் பதிவோடு ஒப்பிட வேண்டும். பிரான்சில் மார்செய் நகரத்தில் விக்டர் ஜிர்சாவின் குழு ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய ஸ்கேனிலிருந்தே தனி மாதிரி கட்டி, வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று அறுவை மருத்துவருக்குக் காட்ட முடியுமா என்று சோதித்து வருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை ஐஐடியில் ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி மூளையைக் கணக்கில் கட்டுகிறார், பெங்களூரு ஐஐஎஸ்சியில் சுப்ரதிம் ரே காமா அலைகளை ஆராய்கிறார். இரண்டு ஊரும் நமக்கு ஒரு ராத்திரி ரயில்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். 'ஏ'யா 'ஈ'யா என்று பிரிக்கும் புராஜெக்டை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். தரவு வேண்டுமென்றால் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 22 பேரிடம் எடுத்த நீண்ட பதிவுகள் பிசியோநெட் என்ற இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆள் வாரியாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 70 வந்தால் 70 என்றே எழுதட்டும், அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்த 70 ஏன் வந்தது என்று விளக்குகிற பிள்ளைக்குக் கூடக் கொடுங்கள். மெஷின்ஸ் லேபில் அந்த விளக்குச் சோதனை முடிந்த வாரமே வில்சன்–கவன் மாதிரியையும் ஒரு பயிற்சியாக வையுங்கள். செலவே இல்லை. நம் ஊர் நரம்பியல் மருத்துவர்களோடு சேர்ந்து பதிவுகளைக் கேட்பதானால், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் வாங்கி, பெயரை நீக்கிக் கேளுங்கள். கையெழுத்துக்கு மட்டும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

என்னால் ஆனதைச் செய்கிறேன். உங்கள் லேபில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் டேப்பும் பேஸ்ட்டும் நானே கொண்டு வருகிறேன். சனிக்கிழமை ஒரு நாள் போதும். ஒரு மாணவர் உட்கார்ந்து கண்ணை மூட, மற்றவர்கள் திரையில் பின்மண்டை அலை எழுவதைப் பார்க்க, கண்ணைத் திறந்ததும் அது அடங்குவதையும் பார்க்கட்டும். பக்கத்து மேசையில் அவர்கள் எழுதிய மாதிரி ஓடிக்கொண்டிருக்கட்டும். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஈஈஜி டெக்னீஷியன் ஒருத்தி,
கோவை