கனடா, ஸ்காபரோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? அம்மம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தொம்சன் பூங்காவைப் பற்றிக் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, அதுதான் எழுதுகிறேன்.

பிரிம்லி வீதியோரம் மரங்களும் ஓடையுமாகப் பரந்து கிடக்கும் இடம் அது. கோடையில் சனி, ஞாயிறு என்றால் எங்கள் சனந்தான். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மாநகரசபையிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்து ஒன்றுகூடல் வைப்பார்கள். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், ஒரு பக்கம் கொத்துரொட்டி. பனிக்காலத்தில் ஆளரவம் குறைவு.

பூங்காவுக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? 1796இல் ஸ்கொட்லாந்துக்காரர்களான டேவிட் தொம்சனும் மனைவி மேரியும் இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். டேவிட் ஒரு மேசன். ரொறன்ரோவுக்கு அப்போது யோர்க் என்று பெயர். அவர் அங்கே வேலைக்குப் போய்விட, மேரி பிள்ளைகளோடு காட்டுக்குள் தனியே இருந்தா. அதை வாசித்தவுடன் அம்மம்மாவின் நினைவுதான் வந்தது. கிளிநொச்சி வட்டக்கச்சியில் காணி கிடைத்த புதிதில் அம்மப்பா பரந்தனுக்குக் கூலி வேலைக்குப் போக, யானைக்குப் பயந்து இரவிரவாகத் தீ மூட்டிக்கொண்டு பெரியக்காவை மடியில் வைத்திருந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பா!

பூங்காவுக்குள்ளேயே ஸ்காபரோ நூதனசாலை இருக்கிறது. 1858இல் கட்டிய கோர்னெல் வீட்டையும் அதைவிடப் பழைய மரக்குற்றி வீடொன்றையும் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மரக்குற்றி வீட்டின் சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய முழு மரங்கள், இடைவெளிக்குச் சாந்து. கோடரி கொத்திய தடம் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. சின்னவள், "இதுக்குள்ள எத்தனை பேர் இருந்தவை?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

தொம்சன் குடும்பத்தை முதல் குடிகள் என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பூர்வகுடிகள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். பக்கத்திலேயே டேபர் ஹில் என்றொரு மேடு. 1956இல் அதை வெட்டி நிரவியபோது ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் ஒன்றாக வெளிப்பட்டன. அந்த நிலத்தில் வீடு எழுப்பாமல் விட்டு, மேட்டின்மேல் கல் வைத்து, அதையும் பூங்காவாகவே காக்கிறார்கள். அங்கே நின்றபோது எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மா, எங்கள் ஆட்களும் காடு வெட்டி, கிணறு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்கள்தானே. அவர்களின் முதல் கொட்டில் எங்கே நின்றது என்றுகூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மம்மாவுக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி அவவைப் பேசவிட்டுப் போனில் பதியச் சொல்லுங்கள். கொட்டில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, கூரை எதால் வேய்ந்தது, கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது, பக்கத்துக் காணிகளில் யார் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் கேட்கட்டும். அவ களைத்தால் விட்டுவிட்டு அடுத்த நாள் தொடரட்டும்.

சித்திரையில் நாங்கள் வரும்போது அந்த இடத்தில் ஒரு கல்லாவது நடுவோம். அதுவரை அங்கே புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம்.

அன்பு மகள்