வேலூர் தங்கும் விடுதி உரிமையாளர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பாபுராவ் தெரு, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பகுதிகளிலிருந்து கல்லாச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைக் கூட்டத்தில் படிக்கும் வழக்கத்தை இந்த ஆண்டு கைவிட்டிருக்கிறோம்; யார் யார் என்பது அவரவருக்குத் தெரியும்.

தொழில் நிலவரம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா கிடைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்களை நம்பியிருந்த விடுதிகளில் மாடி அறைகள் பூட்டியே கிடக்கின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா நோயாளிகள்தான் இப்போது நமக்குத் துணை. இவர்கள் சிகிச்சைக்கு வரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சி.எம்.சி.யின் சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குவதால், "அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்வியும் அறை வாடகைக்கு முன்னால் வருகிறது. வருமானம் இறங்கிய ஆண்டில்தான் மென்பொருள் விற்பவர்களின் வருகை ஏறியது. ஆள் செலவைக் குறைக்கலாம் என்பதே அவர்களுடைய முதல் வாக்கியம்.

சென்ற பேரவைக் கூட்டத்தில், "ஊரே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, நாம் இன்னும் நீள நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று உறுப்பினர்கள் சிலர் குறைப்பட்டார்கள். அதன் பேரில் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி அந்தக் குழுவின் வேலையில் கழிந்தது. எனவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே போகிறது.

குழு தொடக்கத்தில் விற்பனையாளர் எவரையும் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக, முன்வந்த விடுதிகளின் வரவேற்பு மேசையில் ஒரு தாள் வைத்து, என்னென்ன எழுதுகிறார்கள், எத்தனை முறை எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் குறிக்கச் சொன்னது. வந்த தாள்களைப் பார்த்தபோது குழுவில் இருந்த பழைய ஆட்களுக்கே வியப்பு. ஒரு விருந்தினரின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறுகிறது. பிறகு முன்பண ரசீதில், சாவிப் பலகையின் பக்கத்தில் மாட்டிய சிலேட்டில், காவல் நிலையத்தில் கேட்டால் கொடுக்கும் பட்டியலில், மாதக் கடைசியில் ஆடிட்டருக்குப் போகும் தாளில். வெளிநாட்டவரானால் இணையப் படிவத்திலும் உண்டு. போதாததற்கு இரவு முதலாளிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலும். ரசீதில் ஒரு எழுத்து, பதிவேட்டில் வேறு எழுத்து. ஊருக்குத் திரும்பியபின் அலுவலகத்தில் ரசீதைக் காட்டிப் பணம் கேட்பவர்கள், பெயர் மாறியிருக்கிறது என்று நமக்கே போன் செய்கிறார்கள்.

எனவே குழு எடுத்த நிலை இது: பெயரை ஒரே ஒரு முறை உள்ளிட்டால் மற்ற இடங்களுக்கு அது தானே போய்ச் சேர வேண்டும். இதைச் செய்யும் கருவி நமக்கு வேண்டும். செய்யாத கருவி எத்தனை வண்ண வரைபடம் காட்டினாலும் வேண்டாம். இன்னொன்றும் அந்தத் தாள்களில் தெரிந்தது. சில பதிவேடுகளை யாரும் படிப்பதே இல்லை. ஒரு விடுதியில், விருந்தினர் வெளியே போகும் நேரமும் திரும்பும் நேரமும் எழுதும் நோட்டு பல காலமாக ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டால், முந்தைய மேலாளர் எழுதச் சொன்னாராம். அந்த நோட்டை நிறுத்தினோம். மென்பொருள் இல்லாமலே மிச்சமான நேரம் அது.

அதன் பிறகுதான் விற்பனையாளர்களை அழைத்தோம். வந்தவற்றில் பல, நட்சத்திர ஹோட்டல்களுக்காக எழுதப்பட்டவை. உணவகக் கட்டணத்தை அறைக் கணக்கில் சேர்ப்பது, பருவத்துக்குத் தகுந்தாற்போல் வாடகையை ஏற்றுவது, முன்பதிவு இணையதளங்கள் எல்லாவற்றிலும் காலி அறைகளை ஒரே நேரத்தில் புதுப்பிப்பது என்று நிறையச் செய்கின்றன. குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் வாடிக்கையாளர் வருவது காட்பாடியில் ரயில் இறங்கி, முன்பு இங்கே வந்துபோன உறவினர் கொடுத்த தொலைபேசி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. அவருக்கு அறையுடன் கேஸ் அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், துணி காயப்போடக் கொடி வேண்டும்.

ஆகவே வந்த எல்லாரிடமும் தலைவர் ஒரே கணக்கைப் போட்டார். ஒரு குடும்பம் நாளைக் காலை காலி செய்வதாகச் சொல்லியிருக்கிறது. மாலையில் மருத்துவர் இன்னொரு ஸ்கேன் எழுதுகிறார். தேதி நான்கு நாள் கழித்துத்தான் கிடைக்கிறது. அந்த அறைக்கு ஹவுராவிலிருந்து ஒருவர் ஏற்கெனவே புறப்பட்டு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். நம் வழக்கப்படி வாடகை நாள் என்பது உள்ளே வந்த மணியிலிருந்து 24 மணி நேரம். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனி முன்பணம். இதையெல்லாம் உங்கள் திரையில் இப்போதே, எங்கள் கண்ணெதிரே செய்து காட்டுங்கள் என்றார். சிலருக்கு நண்பகல் 12 மணிக்கு நாள் முடிவதை மாற்றவே வழியில்லை. ஒருவர், அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். முழுதாகச் செய்து காட்டியவை மிகச் சில. அவற்றின் விலைப்பட்டியல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அறைகள் அதிகமுள்ள உறுப்பினர்கள் வந்து பார்க்கலாம்.

விலை பற்றி ஒரு விஷயத்தைக் குழு அழுத்திச் சொல்லச் சொன்னது. 2022 ஜூலை 18க்கு முன் நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அன்றிலிருந்து 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம்; ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது விடுதிக்காக நாம் வாங்குபவற்றுக்குக் கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது. மென்பொருள் சந்தாவுக்கு 18 சதவீத வரி உண்டு. விற்பனையாளர் "மாதம் ஆயிரம், வரி உங்களுக்குத் திரும்பிவிடும்" என்று பழைய பாட்டைப் பாடுவார். இப்போது திரும்பாது. அந்த 1,180 ரூபாயும் நம் கையைவிட்டுப் போவதுதான். வரி மாறிய அந்த வாரத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். வரி விகிதத்தை விடுதிக்காரர் தாமே மாற்றிக்கொள்ள வழியில்லாத மென்பொருள் ஒன்றை வைத்திருந்த உறுப்பினர், அந்த நிறுவனம் திருத்திக் கொடுக்கும்வரை கையால் பில் எழுதினார். திருத்தியதற்குத் தனிக் கட்டணமும் கட்டினார். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதைக் குழு மேலே வைத்திருக்கிறது.

பத்துப் பதினைந்து அறைகள் உள்ள விடுதிகளுக்குக் குழுவின் பரிந்துரை வேறு. சந்தா எதுவும் வேண்டாம், கூகுள் ஷீட்ஸ் போதும். உறுப்பினர் ஒருவரின் மகள், பொறியியல் மாணவி, நமக்காக ஒரு மாதிரித் தாள் அமைத்துக் கொடுத்தார். பெயர், ஊர், அறை எண், வந்த தேதி, மணி, முன்பணம் ஆகியவற்றை முதல் தாளில் நிரப்பினால் ரசீதும் ஆடிட்டர் பட்டியலும் காலி அறை நிலவரமும் அடுத்த தாள்களில் தாமாக வந்துவிடுகின்றன. வரி விகிதம் ஒரே கட்டத்தில் இருக்கிறது. அங்கே மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். வெளிநாட்டவர் என்று குறித்தவுடன் அவர் பெயர் உள்ள வரிசை சிவப்பாகிறது. இணையப் படிவத்தின் பதிவு எண்ணை உள்ளிட்டால்தான் நிறம் போகும். நாம் பழக்கத்தில் சி பாரம் என்று சொல்லும் அந்தத் தகவலை, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதை நினைவூட்டத்தான் இந்தச் சிவப்பு. 2025ஆம் ஆண்டின் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இனி இதில் அசட்டையாக இருக்க இடமில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "படிவத்தை எங்கள் மென்பொருளே நிரப்பி அனுப்பிவிடும், உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். கொடுக்காதீர்கள். கணக்கு விடுதியின் பெயரில் இருக்கிறது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஷீட்டிலிருந்து எடுத்து ஒட்டினாலே தட்டச்சு வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. மிச்சத்தை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் செய்யட்டும்.

உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தையும், அவர் அனுமதியுடன், பதிவு செய்கிறேன். அவர் வாங்கியிருந்த மென்பொருளின் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சேவையை நிறுத்திவிட்டது. விருந்தினர் விவரம் முழுவதும் அவர்களுடைய சர்வரில். எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளில் முதலிலிருந்தே கிடையாது. ஆடிட்டர் கேட்டபோது, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்துக் கணக்கை மறுபடி எழுதினார்கள். வீட்டைப் பார்க்கும்போது வெளியே போகும் வாசலையும் பார்ப்பதுபோல, எந்தக் கருவியை வாங்கினாலும் தரவு முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து வையுங்கள்.

நம் தெருக்களில் வடிகாலுக்கோ குழாய்க்கோ எப்போதும் எங்கோ தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்வெட்டி போகும் இடத்தில் இணையக் கம்பியும் போகிறது. ஷீட்ஸை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்னதாக அமைத்துக்கொள்ளலாம். இரவு ஒரு பக்கம் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் வழக்கத்தையும் சில விடுதிகள் தொடங்கியிருக்கின்றன. பழைய பாணிதான், ஆனால் பயனுள்ளது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. வரவேற்பறையில் அந்தக் கணினியை வைத்திருப்பவர்கள், விருந்தினரின் பாஸ்போர்ட் நகல்களை அதில் சேர்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நகல் என்றதும் சொல்ல வேண்டியது: பெரும்பாலான விடுதிகளில் ஆதார் அட்டையை மேலாளர் தம் சொந்த செல்போனில் படம் எடுக்கிறார். அந்தப் படம் அவருடைய குடும்பப் படங்களுக்கு நடுவே கிடக்கிறது. வேலையை விட்டுப் போனால் கூடவே போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது நம்மையும் தொடும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கிக்கொள்வதும், படங்களை விடுதியின் கணக்கில் மட்டும் வைப்பதும் இப்போதே செய்யக்கூடியவை. வாட்ஸ்அப் எண்ணுக்கும் இதே கதைதான். எண் மேலாளரின் சிம்மில் இருந்தால், அவர் பக்கத்துத் தெரு விடுதிக்கு மாறும் நாளில் வாடிக்கையாளர்களும் மாறுவார்கள். சிம் விடுதியின் பெயரில் இருக்கட்டும். வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கக் கேட்கும் இரண்டாம் அடுக்குக் குறியெண் முதலாளியிடம் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள தயார் பதில்கள்தான் இந்த ஆண்டு அதிகம் கைகொடுத்த கருவி, காசும் இல்லை. வாடகை எவ்வளவு, சமைக்கலாமா, லிஃப்ட் உண்டா, காட்பாடியிலிருந்து எப்படி வருவது ஆகிய கேள்விகளுக்கு வங்காளம், இந்தி, ஆங்கிலத்தில் பதில் எழுதி வைத்தோம். மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்தது. வங்காளச் சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

தானியங்கி ஆக்க வேண்டாம் என்று குழு முடிவெடுத்த ஒன்றும் உண்டு. வாடகை பாக்கி இருப்பவர்களுக்குக் காலை எட்டு மணிக்குத் தானாக நினைவூட்டல் போகும்படி அமைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. செய்வது எளிது. ஆனால் அந்தச் செய்தி போய்ச் சேரும் நேரத்தில் அந்த மனிதர் எந்த வார்டின் வாசலில் நிற்கிறார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. நம் மேலாளர்களுக்குத் தெரியும். யாரிடம் இன்று கேட்கலாம், யாரிடம் இரண்டு நாள் பொறுக்கலாம், யாரிடம் கேட்கவே வேண்டாம் என்ற கணக்கு அவர்கள் மனத்தில் இருக்கிறது. வாக்கெடுப்பு இல்லாமலே யோசனை கைவிடப்பட்டது. "கம்ப்யூட்டர் வந்தால் எங்களை அனுப்பிவிடுவீர்களா?" என்று கேட்ட மூத்த மேலாளர்களுக்கும் இதுவே குழுவின் பதிலாக இருந்தது. முதலாளிகள் எல்லாரும் அதே பதிலைத் தருவார்கள் என்று சங்கத்தின் சார்பில் என்னால் உறுதி சொல்ல முடியாது.

மற்றவை சுருக்கமாக. சங்கத்தின் பழைய கடிதங்கள் வெவ்வேறு எழுத்துருக்களில் இருந்ததால் புதிய கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டுவிட்டன. தீர்மானப் புத்தகம் தாளிலும் தொடர்கிறது. குப்பை அகற்றும் நேரம் பற்றி மனு கொடுத்தோம்; மீண்டும் கொடுப்போம். ஆட்டோ ஓட்டுநர்களுடன் இரவு நேரக் கட்டணம் பற்றிய பேச்சு முடியவில்லை.

பேரவையின் முன் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, மாதிரி ஷீட்டை எல்லா உறுப்பினர்களுக்கும் இலவசமாகத் தருவதும், வரி மாறும்போது திருத்தித் தரும் பொறுப்பைச் சங்கமே ஏற்பதும். இரண்டாவது, துணைக்குழுவை இன்னும் ஓராண்டு நீட்டிப்பது. அதில் வரவேற்பு மேசையில் உட்காரும் மேலாளர்கள் இருவரையாவது சேர்ப்பது. மாதிரி ஷீட்டைப் பழகும் பயிற்சிக்கு வருபவர்கள் தங்கள் விடுதியின் கடைசி மாத வருகைப் பதிவேட்டையும், முடிந்தால் முதலாளியை விட்டுவிட்டு மேலாளரையும் அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழுவின் சார்பில்,
செயலாளர்