இரண்டால் வகுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ படிக்க பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையத்தில் வந்து இறங்கி இன்றோடு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பேசியதையெல்லாம் இங்கே மறுபடியும் எழுதப்போவதில்லை. கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுக்கமாட்டேன், எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுதான் எழுதுவேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய். அதற்கு நான் சொன்ன பதில் உனக்கும் தெரியும், மாடி வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். இதைச் சித்தியும் படிப்பார் என்பதால் சிலவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றைவிட, உன் இரண்டாம் செமஸ்டரில் ஓர் இரவுதான் என்னை உறுத்துகிறது. அல்சூர் வீட்டுச் சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஹெட்செட்டோடு அலுவலக மென்பொருளின் ஒரு ரிலீஸுக்காகக் காத்திருந்தேன். மணி பதினொன்றரை இருக்கும். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளோடு நீ வந்து நின்றாய். வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்கிறார்களே, வகுப்பதற்கு முன்பே அந்தக் கூட்டுத்தொகை, ஓர் எண்ணுக்குக் கணினி ஒதுக்கும் பெட்டியை மீறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாய். தாளில் 32 கட்டங்களை நெருக்கி நெருக்கி வரைந்திருந்தாய். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதைத் தாண்டினால் கூட்டுத்தொகை எதிர்மறையாகிவிடும், தேடல் பட்டியலுக்கு வெளியே போய் விழும் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டிருந்தாய். கீழ் எல்லையோடு இடைவெளியில் பாதியை மட்டும் கூட்டினால் போதும் என்ற தீர்வும் அதன் ஓரத்தில் இருந்தது.

நான் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவு பெரிய பட்டியலை உன்னிடம் யார் தரப்போகிறார்கள், இன்டர்வியூவில் கேட்கும் நூறு கணக்குகளைப் போட்டுப் பழகு என்றேன். நீ தாளை நான்காக மடித்து மிக்ஸிக்கு அடியில் செருகிவிட்டுப் போனாய். அதன்பின் அப்படிப்பட்ட கேள்வி எதையும் என்னிடம் நீ கேட்டதில்லை.

ஜாவா என்ற நிரல்மொழியின் நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதியதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அவரே அந்த நூலகத்துக்கு எழுதிக்கொடுத்த பைனரி சர்ச்சில் இதே பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் கிடந்திருக்கிறது. உலகமே பயன்படுத்திய நிரல் அது. அதில் இருந்த பிழையைப் பத்தொன்பது வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீ கண்டுபிடித்தாய். உன்னை நான் மனப்பாடம் செய்ய அனுப்பினேன்.

நான் அப்படிப் பேசியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009இல் கையில் வேலைக்கான கடிதம் இருந்தும், சேரும் தேதியை அந்த நிறுவனம் தள்ளித் தள்ளி வைத்ததால், எட்டு மாதங்கள் விடுதியில் சும்மா கிடந்தேன். நீ அப்போது எல்.கே.ஜி. அந்த ஆகஸ்டு 9ஆம் தேதி அல்சூர் ஏரிக்கரையில், நிறுவியும் திறக்கப்படாமல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். வேறு வேலை இல்லாததால் நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். தொலைபேசியில் உன் பெரியப்பா, வள்ளுவரே பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்தார், உன்னால் எட்டு மாதம் பொறுக்க முடியாதா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பயத்தில்தான் உனக்கும் வேலை, வேலை என்று ஓதினேன். சித்தப்பா இருந்திருந்தால் இப்படி ஓதியிருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பயம் எனக்குக் கற்றுத்தந்தது என்ன? முதல் மூன்று ஆண்டுகள், இணையப் பக்கங்களில் அனிமேஷனும் விளையாட்டும் ஓடப் பயன்பட்ட ஃப்ளாஷை வைத்துப் பிழைத்தேன். 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவே நிறுத்தப்பட்டது. கல்லூரியில் தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் புரட்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரையும் டிஸ்கிரீட் மேத்ஸையும் முப்பது வயதுக்கு மேல், குழந்தை உறங்கிய பிறகு, ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். எந்த நிரல்மொழியையும் வேலையில் சேர்ந்து ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நினைவகத்தைக் கணினி எப்படிப் பங்கிடுகிறது என்பதை நிதானமாக உட்கார்ந்து படிக்க எந்த அலுவலகமும் ஒரு செமஸ்டர் விடுமுறை தராது. என் குழுவில் சேரும் புதியவர்கள், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவியிலிருந்து வாங்கி ஒட்டுகிறார்கள். ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஆகவே உன் முடிவு சரிதான் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. கோச்சிங்கில் சேர்ந்து பழைய வினாத்தாள்களின் 65 கேள்விகளை நேரம் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய். நான் சொன்ன நூறு கணக்குகளுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாய், ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை மற்ற மூவரும் காசு கொடுத்து ஆயத்தமாக வாங்கப்போகிறார்கள் என்று சொல்லும்போது உன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஓர் எண் பகா எண்ணா என்று வேகமாகவும் உறுதியாகவும் சொல்லும் முறையை 2002இல் தங்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து வெளியிட்ட நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்திருந்தார்கள். அவர்களுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட்டிலிருந்து வளர்ந்த வேலை அது. அவ்வளவு பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. சின்னஞ்சிறு நிரல்மொழி ஒன்றுக்கு ஒரு கம்பைலர் எழுது. மூவரும் வராவிட்டால் தனியாக எழுது. எந்த ஆசிரியர் மாலையில் லேப் பூட்டும்வரை உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் போய்க் காட்டு. அவர் திட்டினால் மறுநாளும் போ.

கட்டணம் கட்டியது யார் என்று அன்று நான் கேட்டிருக்கக் கூடாது. சித்தியின் முன்னால் கேட்டது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துவிடு. ஆனாலும் மூன்று ஆண்டுகளில் அந்த ரசீதுகளை நீ ஒரு முறையாவது எடுத்துப் பார்த்திருந்தால், இவ்வளவு பெரிய முடிவை எடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, மிக்ஸியின் வாரன்டி அட்டையோடு. போன புதன்கிழமை அலுவலகத்தில் எங்கள் நிரல் முழுவதிலும் அந்த வகுத்தலைத் தேடினேன். எந்த இடம் என்று இங்கே எழுத இயலாது, ஓரிடத்தில் இருந்தது. உன் தாளின் ஓரத்தில் இருந்தபடியே திருத்தினேன். திருத்தக் குறிப்பில் காரணத்தை நான்கு வரியில் எழுதினேன். உன் பெயரை எழுதவில்லை.

அக்கா