புட்டி பூசி விற்க மாட்டேன்

உவரி
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று உன் அக்கா சொன்னார்கள். நீ கேட்ட உடன்குடிக் கருப்பட்டியை வாங்கி வைத்துவிட்டேன். ஷார்ஜாவுக்குக் கொண்டுவர ஆள்தான் கிடைக்கவில்லை. நெட்டையன் மகளுக்குத் திருமணம் முடிவாகியிருக்கிறது. அந்தப் பழைய பாக்கியை அவன் இன்னும் தரவில்லை, கேட்காதே.

இனி உன் வள்ளம்.

கூத்தங்குழியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் அதை விலைக்குப் பார்க்க வந்ததைத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? முன்பக்க அணியத்திலிருந்து தடவிக்கொண்டே வந்த மூத்தவன் பின்பக்கக் கடையாலில் நின்றுவிட்டான். "ஓட்டை நிறைய இருக்கிறதே" என்று மட்டும் சொன்னான். அதற்கு நீ என்ன சொன்னாய்? "ஓட்டைதானே, புட்டிப் பசையை வைத்து அடைத்து, பெயின்ட் அடித்துத் தள்ளிவிடு." எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். இத்தனை நாள் எழுதாததும் அதனால்தான். பாளையங்கோட்டை விடுதியில் நீ கொசுவலை தைத்த இலட்சணத்தைப் பார்த்தவன் நான். உன்னிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

நீ கப்பலில் வேலை பார்ப்பதாக ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாமல் படி.

கடையாலில் எஞ்சின் தொங்குகிற பலகை வெறும் கண்ணாடி இழை ஃபைபர் அல்ல. நடுவில் ப்ளைவுட், இருபுறமும் ஃபைபர். எஞ்சினின் எடையையும் அது தள்ளுகிற விசையையும் தாங்குவது அந்தப் பலகைதான். தண்ணீர் புகாதவரை உள்ளே இருக்கிற மரம் நன்றாக இருக்கும். திருகாணியைச் சுற்றி வைத்த பசை விட்டுப்போனால் கடல்நீர் இறங்கும். இறங்கியது வெளியே வர வழி கிடையாது. உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கும்போது வெளியே பெயின்ட் பளபளக்கும். அதுவும் இது 2005-இல், சுனாமிக்குப் பிறகு வந்த வள்ளம். அந்த வருடம் கரை முழுக்க அவசரம். உள்ளே எந்தப் பலகையை வைத்தார்கள் என்று யார் பார்த்தார்கள்?

இந்த வள்ளத்தை வைத்திருந்த மாமாவுக்குத் துளை போடுவதில் இருந்த ஆசை அடைப்பதில் கிடையாது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிற எக்கோ சவுண்டரை ஓரிடத்தில் பொருத்துவார். குமிழி அடிக்கிறது, மீன் தெரியவில்லை என்று ஒரு சாண் தள்ளிப் பொருத்துவார். பாட்டரியிலிருந்து கம்பி இழுக்க ஒரு பெரிய துளை. பழைய எஞ்சினின் போல்ட் துளைகள் அப்படியே கிடக்க, புதியதற்கு வேறு துளைகள். அடைத்ததெல்லாம் சிலிக்கான். ஒன்றில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியிருந்தார், அந்தோணியார் கோவிலில் எரிந்து மிஞ்சியதாக இருக்கும்.

சிலிக்கானைச் சுரண்டுவதுதான் உயிரை வாங்கியது. மெல்லிய படலம் மிஞ்சினாலும் அதன்மேல் எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட. பிறகு 5 மில்லிமீட்டர் துளைகளை 10 மில்லிமீட்டருக்குப் பெருக்கினேன். பழைய துளையின் ஓரமெல்லாம் அழுக்கும் ஈரமும் என்பதால் நல்ல மரம் தெரிகிறவரை போக வேண்டும். துளைக்கிற பிட்டோடு வருகிற தூளைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மேல் துளைகளில் வெளிறிய, உலர்ந்த தூள். எக்கோ சவுண்டர் இருந்த இடத்தில் வந்ததோ காப்பி மண்டி மாதிரி கறுத்து விரலில் அப்பியது. சுற்றிலும் திருப்புளியின் பிடியால் தட்டினேன். சத்தமே செத்திருந்தது.

மாப்பிள்ளை, நீ புட்டி வைக்கச் சொன்னது அந்த இடத்தில்தான். கச்சான் காற்று அடிக்கிற நாளில் பலகை பிய்ந்தால் போவது எஞ்சின் மட்டும் இல்லை. கடையால் திறந்த வள்ளத்தில் அலை ஏறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நம் தெருவில் பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்த இருவரில் இளையவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

இற்ற இடத்தில் வெளி ஃபைபரை அறுத்தெடுத்து, மரத்தை நல்ல பகுதிவரை செதுக்கினேன். நினைத்த அளவுக்குப் பரவவில்லை, உள்ளங்கை அகலம்தான். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். உப்பு மிஞ்சினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காயவிடுவது பெரும்பாடு. வெயில் இருக்கிறது, ஆனால் காற்று மணலை வாரிக் கொட்டுகிறது. தார்ப்பாய் கட்டிக் காவல் இருந்தேன்.

பாலியஸ்டர் ரெசினே போதும் என்று ஆசாரி ஒரு நாள் முழுக்க வாதாடினார். அது காயும்போது சுருங்கும், மரத்தையும் பழைய ஃபைபரையும் சரியாகப் பிடிக்காது. எப்பாக்சி ரெசின்தான் என்று நான் விடவில்லை. முதலில் வெறும் எப்பாக்சியைத் துளையில் விட்டு மரத்தைக் குடிக்க வைத்தேன். பிறகு கெட்டியாக்குகிற ஏரோசில் பொடி சேர்த்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் அடைத்தேன். உன் அக்கா மகன் உதவுகிறேன் என்று டம்ளர் நிறையக் கலக்கினான். கொதித்துப் புகைந்து டம்ளரே உருகிவிட்டது. அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும் என்று இப்போது அவனே ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறான்.

செதுக்கிய குழிக்கு, கடல் வேலைக்கான ஐ.எஸ். 710 முத்திரை போட்ட ப்ளைவுட் துண்டு. கம்பித் துளைக்கும் அப்படியே ஒரு வட்டத் துண்டு. மேலே கண்ணாடி இழைத் துணி. நெய்யாத விரிப்பான மேட் வேண்டாம், அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும். ஓரத்தைச் சரிவாகத் தேய்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது: கனம் ஒன்றுக்குச் சரிவு பன்னிரண்டு. ஃபைபர் 3 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 36 மில்லிமீட்டர். அப்போதுதான் ஒட்டு விசையைத் தாங்கும். காய்ந்ததும் மேலே பிசுக்குப் படியும். தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டு, அதன்பிறகே பெயின்ட். வெயில் நேரே பட்டால் எப்பாக்சி கெட்டுவிடும்.

இனி இந்தக் கடையாலில் யாரும் புதுத் துளை போடக்கூடாது என்று ஒரு சின்னப் பலகையை ஒட்டி வைத்திருக்கிறேன். எக்கோ சவுண்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதிலேயே மாற்றிக்கொள்ளட்டும். மாமா இருந்திருந்தால் அதையும் தாண்டித்தான் துளைத்திருப்பார்.

அண்ணன் தம்பியை மறுபடி வரச் சொல்லி, அறுத்தெடுத்த கறுப்புத் துண்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பு கேட்டதைவிடக் குறைத்துத்தான் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். காற்று ஓய்ந்து ஆவணியில் எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் பதில் எழுது. போனில் வேண்டாம், கத்துவாய். எப்பாக்சி பில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். தொகையைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி கண்ணில் படாமல் எடுத்து வை.

உன்,
ராயப்பன்